கோப்பை ஒண்ணு... சீல் ரெண்டு! - இந்தியக் கால்பந்தின் பழைய பங்காளிச் சண்டை

தேவதானப்பட்டியில் என் அக்கா வீட்டு டி.வி. ஸ்டாண்டில் மூன்று கப்புகள் வரிசையாக நிற்கும். மூன்றும் அக்கா மகன் ஃபுட்பால் ஆடி வாங்கியவை. வீட்டுக்கு யார் வந்தாலும் காபிக்கு முன்னால் கப்பு வந்துவிடும். “எங்க பய வாங்குனது” என்று முந்தானையால் ஒரு துடை துடைத்து, வந்தவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் அக்கா அடுப்படிக்குப் போவார்.

போன முறை நான் போனபோது அந்தக் கப்புகளின் மேல் தூசி படிந்திருந்தது. அக்கா தையல் மெஷினில் உட்கார்ந்து யாருடைய ஜாக்கெட்டையோ தைத்துக்கொண்டிருந்தார். மாலை 5 மணி. வழக்கமாகக் கிரவுண்டில் இருக்கும் பையன், உள் அறையில் போனைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தான்.

“என்ன மாப்ள, கிரவுண்டுக்குப் போகலையா?”

“போயி என்ன செய்ய மாமா?” என்றவன் எழுந்துபோய் ஒரு பிளாஸ்டிக் ஃபைலை எடுத்து வந்தான். உள்ளே கத்தையாகச் சான்றிதழ்கள்.

நடந்தது இதுதான். விளையாட்டுப் பிரிவு ஒதுக்கீட்டில் ஒரு கல்லூரியில் இடம் கேட்டுப் போயிருக்கிறான். அங்கே மேஜையில் இருந்தவர் ஒவ்வொரு சான்றிதழாகப் புரட்டி, இருப்பதிலேயே பெரிய போட்டிக்கானதை மட்டும் தனியே எடுத்திருக்கிறார். இவனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஆனால் அவர் சொன்னது வேறு. “தம்பி, இதைக் கொடுத்த சங்கத்துக்கு அங்கீகாரம் இல்லையே. கிட்டத்தட்ட இதே பேர்ல இன்னொரு சங்கம் இருக்கு. அவங்க கொடுத்தாத்தான் செல்லும்.”

“நான் ஆடுனது நெசம். கோல் போட்டது நெசம். கப்பும் நெசம். சீல்தான் சரியில்லையாம் மாமா” என்றான். அக்கா மெஷினை நிறுத்தவில்லை. ஆனால் அவர் கால் மிதிப்பது மெதுவானது எனக்குக் கேட்டது.

ஒரு விளையாட்டுக்கு எதற்கு இரண்டு சங்கம்? இந்தக் கேள்வியோடுதான் அன்றைக்கு பஸ் ஏறினேன். பிறகு தேடிப் படித்தபோது தெரிந்தது, இது நம் ஊர்ச் சங்கதி மட்டும் இல்லை. இந்தியக் கால்பந்துக்கே இப்படி ஒரு பங்காளிச் சண்டை நடந்திருக்கிறது. 90 வருஷத்துக்கு முந்தைய கதை. ஆனால் கேட்டால் நேற்று நடந்தது மாதிரியே இருக்கும்.

கோப்பைதான் மூத்தது

கால்பந்தில் ஒரு வேடிக்கை உண்டு. முதலில் சங்கம் வந்து, அது விதி போட்டு, பிறகு கோப்பை வைத்தது என்றுதானே நினைப்போம்? இந்தியாவில் நடந்தது தலைகீழ். கோப்பைதான் முதலில் வந்தது.

1888-ம் ஆண்டு. சிம்லா பக்கத்தில் டக்ஷாய் என்ற மலை முகாமில் ஒரு போட்டி நடந்தது. நடத்தியவர் சர் மார்ட்டிமர் டூரண்ட். அப்போது பிரிட்டிஷ் இந்திய அரசின் வெளியுறவுச் செயலாளர். ஆப்கானிஸ்தானுக்கும் பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் இடையே 1893-ல் கோடு கிழித்தாரே, ‘டூரண்ட் எல்லைக்கோடு’ என்று பள்ளியில் படித்திருப்போமே, அதே டூரண்ட்தான்.

மலையில் இருந்த பட்டாளத்துச் சிப்பாய்கள் உடம்பைத் தேற்றிக்கொள்ள ஒரு விளையாட்டு. அவ்வளவுதான் நோக்கம். முதல் கோப்பையை ராயல் ஸ்காட்ஸ் ஃபியூசிலியர்ஸ் என்ற ராணுவ அணி வென்றது. இன்றுவரை நடக்கும் டூரண்ட் கோப்பைதான் ஆசியாவிலேயே பழமையான கால்பந்துப் போட்டி.

அடுத்த ஆண்டே கல்கத்தாவில் டிரேட்ஸ் கோப்பை வந்துவிட்டது. போட்டிகள் பெருகினால் பஞ்சாயத்தும் பெருகும் அல்லவா? எந்த அணி எந்த அணியோடு ஆடுவது, யார் நடுவர், யார் மேல் தப்பு என்று தீர்க்க ஓர் அமைப்பு வேண்டியிருந்தது. 1893-ல் கல்கத்தாவில் ‘இந்தியன் ஃபுட்பால் அசோசியேஷன்’ பிறந்தது. சுருக்கமாக ஐ.எஃப்.ஏ. அதே ஆண்டில் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு போட்டியும் தொடங்கியது.

பெயரைக் கவனியுங்கள். ‘இந்தியன்’ ஃபுட்பால் அசோசியேஷன். ஆனால் இருந்தது கல்கத்தாவில். ஆரம்பத்தில் நிர்வாகம் முழுக்க வெள்ளைக்காரர்கள் கையில். பின்னால் வந்த சண்டைக்கெல்லாம் விதை இந்தப் பெயரிலேயே இருந்தது.

வெறுங்காலில் வந்த வெற்றி

அந்த ஷீல்டை 1911-ல் மோகன் பகான் வென்ற கதை பலருக்குத் தெரிந்திருக்கும். ஜூலை 29 அன்று நடந்த இறுதிப்போட்டியில் ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட்டை 2-1 என்று சாய்த்தார்கள். மோகன் பகானின் 11 பேரில் 10 பேர் வெறுங்கால். பூட்ஸ் போட்டிருந்தவர் ஒரே ஒருவர், சுதிர் சட்டர்ஜி. ஷிப்தாஸ் பாதுரி ஒரு கோல், அபிலாஷ் கோஷ் ஒரு கோல்.

பூட்ஸ் போட்ட பட்டாளத்தை வெறுங்கால் பையன்கள் ஜெயித்தார்கள் என்ற செய்தி நாடு முழுக்கப் பரவியது. ஆனால் களத்தில் ஜெயித்தவர்களுக்கு அறைக்குள் நாற்காலி கிடைக்கப் பல வருஷம் ஆனது. ஐ.எஃப்.ஏ. நிர்வாகத்தில் இந்தியர்களுக்கும் ஐரோப்பியர்களுக்கும் சம இடம் என்ற ஏற்பாடு வந்தது 1929-ல்தான்.

சரி, வெள்ளைக்காரரோடு கணக்குத் தீர்ந்தது, இனிப் பிரச்னை இல்லை என்று நினைத்தால், அங்கேதான் அடுத்த சண்டை தொடங்கியது. இந்த முறை நமக்குள்ளேயே.

யார் ‘இந்தியா’?

1930-களில் கால்பந்து கல்கத்தாவோடு நிற்கவில்லை. பம்பாய், மதராஸ், மைசூர், டெல்லி, பஞ்சாப் என்று எல்லா இடத்திலும் பரவிவிட்டது. ஒவ்வொரு ஊரிலும் ஒரு சங்கம், ஒரு லீக், ஒரு கோப்பை.

ஆனால் வெளிநாட்டுக்கு ஓர் ‘இந்திய அணி’ போக வேண்டும் என்றால், அனுப்புவது யார்? கல்கத்தாவின் ஐ.எஃப்.ஏ. லண்டனில் இருந்த ஃபுட்பால் அசோசியேஷனோடு தொடர்பு வைத்திருந்தது யார்? அதே ஐ.எஃப்.ஏ. இலங்கைக்கும் பிறகு ஆஸ்திரேலியாவுக்கும் அணியை அனுப்பியதும் அவர்கள்தான்.

மற்ற மாகாணக்காரர்களின் மனநிலையை நாம் புரிந்துகொள்ளலாம். “நாங்களும்தானே ஆடுகிறோம்? கல்கத்தா மட்டும் எப்படி மொத்த இந்தியாவுக்கும் பேச முடியும்?” ஐ.எஃப்.ஏ-வுக்கும் ஒரு நியாயம் இருந்தது. “40 வருஷமாக நாங்கள்தான் வளர்த்தோம். நேற்று வந்தவர்கள் எங்களைக் கேள்வி கேட்பதா?”

குடும்பச் சொத்துத் தகராறு பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. நிலத்தைத் திருத்தியது மூத்தவன். பட்டாவும் அவன் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் இளையவர்களும் வளர்ந்துவிட்டார்கள். அவர்களுக்கும் அதில் பாத்தியதை உண்டு.

1935-ல் உடைந்தது. பல மாகாணச் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து ‘ஆல் இந்தியா ஃபுட்பால் அசோசியேஷன்’ என்று தனியாக ஓர் அமைப்பைத் தொடங்கின. ஏ.ஐ.எஃப்.ஏ. பழையது ஐ.எஃப்.ஏ., புதியது ஏ.ஐ.எஃப்.ஏ. எழுத்தில் ஒன்றுதான் வித்தியாசம். இரண்டும் ‘நாங்கள்தான் இந்தியா’ என்றன. என் அக்கா மகனிடம் சொன்ன ‘கிட்டத்தட்ட இதே பேர்ல இன்னொரு சங்கம்’ நினைவுக்கு வருகிறதா?

அக்காவின் நூல்கண்டும் அமெரிக்கக் கோப்பையும்

கொஞ்சம் கடல் தாண்டிப் பார்த்தால், அமெரிக்காவில் இதே சண்டை ஒரு தலைமுறைக்கு முன்பே நடந்து முடிந்திருந்தது. அந்தக் கதைக்கும் அக்காவின் தையல் மெஷினுக்கும் ஒரு தூரத்துச் சொந்தமும் இருக்கிறது.

1884-ல் நியூஜெர்சி மாநிலத்தின் நெவார்க் நகரில் ‘அமெரிக்கன் ஃபுட்பால் அசோசியேஷன்’ தொடங்கப்பட்டது. உடனே ‘அமெரிக்கன் கோப்பை’ என்று ஒரு போட்டியும் வைத்தார்கள். 1885, 1886, 1887 என்று முதல் மூன்று ஆண்டும் கோப்பையைத் தூக்கியது ஒரு நூல் மில் அணி. கிளார்க் என்ற தையல் நூல் கம்பெனியின் தொழிலாளர்கள் ஆடிய அணி அது. பெயர், ‘ஓ.என்.டி.’ அந்தக் கம்பெனியின் நூல்கண்டில் அச்சடித்திருந்த ‘எங்கள் புதிய நூல்’ என்ற விளம்பர வாசகத்தின் ஆங்கிலச் சுருக்கம்தான் அது. ஸ்காட்லாந்திலிருந்து பிழைக்கப் போன மில் தொழிலாளிகள் கையோடு கால்பந்தையும் கொண்டுபோயிருந்தார்கள்.

அந்தக் கிளார்க் கம்பெனி 1896-ல் கோட்ஸ் என்ற இன்னொரு ஸ்காட்லாந்து நூல் கம்பெனியோடு இணைந்தது. அந்த கோட்ஸின் இந்திய நிறுவனமும் நம் மதுரை மில்லும் 1974-ல் ஒன்றாகி ‘மதுரா கோட்ஸ்’ ஆனது. ஆக, நம் வீட்டுத் தையல் டப்பாவில் கிடக்கும் நூல்கண்டின் கொள்ளுத் தாத்தா, அமெரிக்காவின் முதல் கால்பந்து சாம்பியன்!

சரி, சண்டைக்கு வருவோம். அந்தப் பழைய அமெரிக்கச் சங்கமும் லண்டனோடு கைகோத்து இருந்தது. 1911-ல் நியூயார்க்கில் ‘அமெரிக்கன் அமெச்சூர் ஃபுட்பால் அசோசியேஷன்’ என்று ஒரு போட்டிச் சங்கம் கிளம்பியது. 1912-ல் ஸ்டாக்ஹோமில் கூடிய ஃபிஃபா மாநாட்டுக்கு தாமஸ் காஹில் என்ற நிர்வாகியை அனுப்பி, “எங்களைத்தான் அங்கீகரிக்க வேண்டும்” என்று கேட்டது. பழைய சங்கத்துக்காக இங்கிலாந்தின் பிரதிநிதி எதிர்த்துப் பேசினார்.

ஃபிஃபா என்ன சொன்னது தெரியுமா? “முதலில் உங்களுக்குள் பேசி ஒன்றாகி வாருங்கள்.”

வேறு வழியில்லாமல் உட்கார்ந்து பேசினார்கள். 1913 ஏப்ரல் 5-ல் புதிய தேசியச் சங்கம் பிறந்தது. அடுத்து, நாடு முழுவதற்குமான தேசியக் கோப்பைப் போட்டி தொடங்கியது. 1914-ல் அதன் முதல் இறுதிப்போட்டியில் புரூக்ளின் ஃபீல்டு கிளப் ஜெயித்தது. இன்றைக்கு ‘யு.எஸ். ஓப்பன் கோப்பை’ என்று நடப்பது அதே போட்டிதான்.

ஆனால் அமெரிக்கர்கள் பாடத்தை முழுசாகப் படிக்கவில்லை. 1928-ல் அங்கே இன்னொரு சண்டை. இந்த முறை தேசியச் சங்கத்துக்கும், அப்போது கொடிகட்டிப் பறந்த ‘அமெரிக்கன் சாக்கர் லீக்’குக்கும். “எங்கள் லீக் அணிகள் உங்கள் கோப்பைப் போட்டிக்கு வராது” என்றது லீக். மீறிப் போன மூன்று அணிகளை லீக் வெளியேற்றியது. லீக்கையே சங்கம் சஸ்பெண்ட் செய்தது. போட்டிக்கு ஒரு புது லீக் முளைத்தது. ஒரு வருஷம் இழுத்து, 1929 அக்டோபரில் சமாதானம் ஆனபோது, நாட்டையே பொருளாதாரச் சரிவு விழுங்க ஆரம்பித்திருந்தது. ஏற்கெனவே நொந்திருந்த லீக் 1933-ல் மூடப்பட்டது. சண்டையில் யார் ஜெயித்தார்கள் என்று இன்று யாருக்கும் நினைவில்லை. ஆட்டம் தோற்றது மட்டும் தெரியும்.

சிம்லாவில் கைகுலுக்கல்

இந்தியாவுக்கு வருவோம். இங்கே சண்டை இரண்டு வருஷம் நீடித்தது. நடுவில் நின்று பேச முன்வந்தது ராணுவ விளையாட்டுக் கட்டுப்பாட்டு வாரியம். அதிலும் ஒரு நியாயம் இருந்தது. கோப்பைகளைத் தொடங்கி வைத்ததும் பட்டாளம். முக்கியப் போட்டிகள் எல்லாவற்றிலும் ஆடியதும் பட்டாள அணிகள். சங்கங்கள் பிரிந்தால் அவர்களும் யார் பக்கம் ஆடுவது என்று தவிக்க வேண்டும்.

1937 ஜூன் 23. சிம்லாவில் ராணுவத் தலைமையகத்தில் கால்பந்துச் சங்கங்களின் பிரதிநிதிகள் கூடினார்கள். ‘ஆல் இந்தியா ஃபுட்பால் ஃபெடரேஷன்’ பிறந்தது. இன்று நாம் ஏ.ஐ.எஃப்.எஃப். என்று செய்திகளில் கேட்கும் அதே அமைப்பு. ஐ.எஃப்.ஏ. அதில் ஓர் உறுப்பினராகச் சேர்ந்து, வங்காளத்துக்கான மாநிலச் சங்கம் என்ற இடத்தை ஏற்றுக்கொண்டது. பெயரில் மட்டும் அந்த ‘இந்தியன்’ இன்றுவரை அப்படியே இருக்கிறது.

40 ஆண்டுகளுக்கு மேல் ‘இந்தியா’ என்று கையெழுத்துப் போட்டவர்கள், ‘வங்காளம்’ என்று போடச் சம்மதிப்பது லேசான காரியமில்லை.

அதன் பிறகு அவர்கள் செய்ததுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம்.

‘சந்தோஷ்’ என்றால் சந்தோஷம் இல்லை!

மாநிலங்களுக்கு இடையே நடக்கும் தேசியக் கால்பந்துப் போட்டிக்கு ‘சந்தோஷ் டிராபி’ என்று பெயர். சின்ன வயதில் நான், ஜெயித்தவர்கள் சந்தோஷப்படுவார்கள், அதனால் அந்தப் பெயர் என்று நினைத்திருந்தேன். உங்களில் பலரும் அப்படி நினைத்திருப்பீர்கள்.

சந்தோஷ் என்பது ஓர் ஊர். இன்றைய வங்கதேசத்தின் டாங்கைல் பகுதியில் இருக்கிறது. அதன் ஜமீனாக இருந்தவர் சர் மன்மதநாத் ராய் சௌத்ரி. ஐ.எஃப்.ஏ-வின் தலைவராக இருந்தவர். 1939-ல் அவர் காலமானார். தேசிய அளவில் ஒரு போட்டி நடத்தலாம் என்ற முடிவு வந்தபோது, அவர் நினைவாக ஐ.எஃப்.ஏ. ஒரு கோப்பையைக் கொடுத்தது. 1941-ல் முதல் போட்டி. வங்காளமே வென்றது.

‘இந்தியா’ என்ற பட்டத்தை விட்டுக்கொடுத்த அமைப்பு, அதே இந்தியா முழுவதும் ஆடுவதற்குக் கோப்பையைக் கொடுத்தது. மூன்றாம் இடம் பிடித்த அணிக்கு என்று பின்னால் மைசூர்க்காரர்கள் தங்கள் ஊரின் புகழ்பெற்ற வீரர் சம்பங்கி நினைவாக ஒரு கோப்பை தந்தார்கள். ஒரு காலத்தில் ‘நீயா நானா’ என்று நின்ற ஊர்கள், ஒரே மேடையில் ஆளுக்கொரு கோப்பை வைத்தன.

ஒற்றுமைக்குப் பலன் உடனே தெரிந்தது. 1948-ல் ஏ.ஐ.எஃப்.எஃப்-க்கு ஃபிஃபா உறுப்பினர் இடம் கிடைத்தது. ஒரு நாட்டுக்கு ஒரு சங்கம்தான் என்பது ஃபிஃபாவின் விதி. (பிரிட்டனுக்கு மட்டும் பழைய பழக்கத்தால் நான்கு.) அதே ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் சுதந்திர இந்தியாவின் அணி ஆடியது. பலர் வெறுங்காலோடு. பிரான்ஸிடம் 1-2 என்று தோற்றாலும், இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோலை அடித்தவர் மைசூரிலிருந்து போன சாரங்கபாணி ராமன்.

அடுத்த 14 ஆண்டுகள் இந்தியக் கால்பந்தின் பொற்காலம். 1951-லும் 1962-லும் ஆசிய விளையாட்டில் தங்கம். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். பட்டாளத்துச் சிப்பாய்களுக்காக டூரண்ட் தொடங்கிய கோப்பையை, நம் நீலகிரி வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்ட்டல் சென்டர் 1955-லும் 1958-லும் வென்றது. அந்த அணியில் வளர்ந்த கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ், 1962 தங்கம் வென்ற அணியிலும் இருந்தார்.

ஒரே சங்கம் இருந்ததால் மட்டும் இதெல்லாம் வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் 1937-ல் அவர்கள் கைகுலுக்காமல் போயிருந்தால், இந்தப் பையன்கள் எந்தச் சீலோடு லண்டனுக்குப் போயிருப்பார்கள்?

நம் காலத்திலும் நடந்தது

இதெல்லாம் பழங்கதை என்று தள்ளிவிட முடியாது.

கிரிக்கெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். சி.எஸ்.கே-வுக்கு முன்னால் சென்னைக்கு ஒரு 20 ஓவர் அணி இருந்தது, அது சாம்பியனும் ஆனது என்றால் இன்றைய பிள்ளைகள் நம்புவார்களா? 2007-ல் ஒரு டி.வி. நிறுவனம் தொடங்கிய ‘இந்தியன் கிரிக்கெட் லீக்’கின் முதல் கோப்பையை வென்றது ‘சென்னை சூப்பர்ஸ்டார்ஸ்’. ஆனால் கிரிக்கெட் வாரியம் அந்த லீக்கை அங்கீகரிக்கவில்லை. அதில் ஆடிய வீரர்களுக்கு ரஞ்சிப் போட்டிக் கதவுகூட மூடப்பட்டது. 2009-ல் வாரியம் மன்னிப்பு வழங்கிய பிறகுதான் திரும்ப முடிந்தது. அப்படிப் போய்த் திரும்பிய அம்பத்தி ராயுடு இந்திய அணிக்கு முதன்முதலாக ஆடியது 2013-ல். அவருக்குத் திறமையும் காலமும் கைகொடுத்தன. வயது கடந்துபோன மற்றவர்களுக்கு?

கால்பந்தில் 2014-ல் ஐ.எஸ்.எல். வந்தது. ஏற்கெனவே ஐ-லீக் இருந்தது. நாட்டின் முதல்நிலை லீக் எது என்ற கேள்வி சில ஆண்டுகள் தொங்கியது. 2018-ல் சென்னையின் எஃப்.சி. ஐ.எஸ்.எல். சாம்பியன். 2019-ல் கோயம்புத்தூரை வீட்டு மைதானமாக வைத்து ஆடிய சென்னை சிட்டி எஃப்.சி. ஐ-லீக் சாம்பியன். தமிழ்நாட்டில் இரண்டு சாம்பியன்கள்! ஆனால் அடுத்த பருவத்திலிருந்து ஐ.எஸ்.எல்.தான் முதல்நிலை என்று முடிவானது. சென்னை சிட்டி பையன்கள் ஏறி வந்த ஏணி, உச்சிக்குப் போனதும் ஒரு படி இறக்கி வைக்கப்பட்டது.

இன்னும் வலித்தது 2022-ல். ஏ.ஐ.எஃப்.எஃப். தேர்தல் நடக்காமல் இழுத்துக்கொண்டே போக, உச்ச நீதிமன்றம் ஒரு நிர்வாகக் குழுவை நியமித்தது. ‘வெளியார் தலையீடு’ என்று சொல்லி, ஆகஸ்ட் 16-ம் தேதி இந்தியாவை ஃபிஃபா தடை செய்தது. 11-ம் நாள் தடை நீங்கியது. நாளிதழில் அது ஒரு பத்திச் செய்தி.

ஆனால் அந்த நாள்களில், ஆசிய மகளிர் கிளப் போட்டிக்காக கோகுலம் கேரளா அணிப் பெண்கள் உஸ்பெகிஸ்தானின் தாஷ்கண்ட் நகரில் போய் இறங்கியிருந்தார்கள். பை, பூட்ஸ், ஜெர்சி எல்லாம் தயார். தடை வந்ததால் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் திரும்பினார்கள். அக்டோபரில் இந்தியாவில் நடக்கவிருந்த 17 வயதுக்கு உட்பட்ட மகளிர் உலகக் கோப்பையே கைநழுவப் பார்த்தது. நாற்காலியில் யார் உட்காருவது என்ற தகராறில், நாற்காலிப் பக்கமே போகாத பெண்களுக்குத்தான் அடி விழுந்தது.

பெற்றோர்களே, இதைக் கேளுங்கள்

பெரிய சங்கங்களின் சண்டையை நாம் தீர்க்க முடியாது. விளையாட்டு அமைப்புகளை ஒழுங்குபடுத்த 2025-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டமே நிறைவேற்றியிருக்கிறது. தேசிய விளையாட்டு வாரியம், தகராறுகளைத் தீர்க்கத் தனித் தீர்ப்பாயம் எல்லாம் அதில் உண்டு. அது அதன் வேகத்தில் நடக்கட்டும். நம் பிள்ளைகளின் ஃபைலை நாம் பார்த்துக்கொள்ளலாம்.

தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. உயர்கல்வியிலும் விளையாட்டுப் பிரிவு உண்டு. அங்கே பார்ப்பது கப்பை அல்ல. சான்றிதழை, அதிலும் அதைக் கொடுத்தது யார் என்பதை. எனவே, நுழைவுக் கட்டணம் கட்டும் முன் நான்கு விஷயங்கள்.

முதலாவது, போட்டியை நடத்துவது எந்தச் சங்கம் என்று முழுப் பெயரையும் எழுதி வாங்குங்கள். ‘ஆல் இந்தியா’, ‘நேஷனல்’ என்ற சொற்களைப் பார்த்து மட்டும் மயங்க வேண்டாம். 1893-லேயே பெயரில் ‘இந்தியன்’ இருந்தது என்பதை நினைவில் வையுங்கள்.

இரண்டாவது, அந்த மாவட்டச் சங்கம் மாநிலச் சங்கத்திலும், மாநிலச் சங்கம் தேசியக் கூட்டமைப்பிலும் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். அங்கீகரிக்கப்பட்ட தேசியக் கூட்டமைப்புகளின் பட்டியலை மத்திய விளையாட்டு அமைச்சகமே வெளியிடுகிறது. சந்தேகம் இருந்தால் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் ஒரு நடை போய் விசாரியுங்கள்.

மூன்றாவது, பள்ளிக் கல்வித் துறை வழியாக நடக்கும் போட்டிகள், முதலமைச்சர் கோப்பை, பல்கலைக்கழகப் போட்டிகள் ஆகியவற்றை விட்டுவிடாதீர்கள். இவற்றில் யார் சங்கம் என்ற குழப்பமே வராது.

நான்காவது, ஒதுக்கீட்டுக்கு எந்தப் படிவத்தில் சான்றிதழ் கேட்கிறார்கள் என்பதைப் பிள்ளை பிளஸ் டூ போகும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். போட்டி முடிந்து மூன்று வருஷம் கழித்துக் கையெழுத்துக்கு அலைவது கொடுமை.

ஊரில் நடக்கும் சின்னச் சின்ன டோர்னமென்டுகள் வேண்டாம் என்று சொல்லவில்லை. திருவிழா நேரத்துப் போட்டிகளில்தானே பிள்ளைகளுக்கு ஆட்டப் பசி வருகிறது? அதில் ஆடட்டும். கப்பு வாங்கட்டும். ஆனால் எது ஆசைக்கு, எது ஃபைலுக்கு என்று தெரிந்து ஆடட்டும்.

மறுபடி கிரவுண்டு

என் அக்கா மகனுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. மார்க்கை வைத்து வேறொரு கல்லூரியில் சேர்ந்தான். முதல் மாதம் பந்தைத் தொடவே இல்லை என்று அக்கா போனில் வருத்தப்பட்டார்.

போன வாரம் அவனே கூப்பிட்டான்.

“மாமா, காலேஜ் டீமுல எடுத்துட்டாங்க.”

“சந்தோஷம்டா மாப்ள. எந்தப் போட்டி?”

“யூனிவர்சிட்டி மேட்ச். நானே பி.டி. சாருகிட்ட போயி, சர்டிஃபிகேட் யாரு குடுப்பாங்க, சீல் யாருதுன்னு கேட்டுட்டேன். சாரு சிரிச்சுப்புட்டாரு. ஆனா சொன்னாரு.”

பின்னால் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. “அம்மா என்னடா தைக்குது?” என்று கேட்டேன்.

“என் ஜெர்சிக்கு நம்பர் மாமா. 7.”